உரிமமும் மனச்சான்றும்

கட்டடக் கலை பயின்ற ஓர் இளைஞர் உரிமத் தேர்வுக்காகக் கண்விழித்துப் படிக்கிறார். எதற்காக என்று கேட்டால், வேலைக்காக, ஊதியத்துக்காக என்பார். இவை குறைசொல்லத்தக்க நோக்கங்களல்ல. ஆயினும் அத்தேர்வை ஏற்படுத்திய சமுதாயத்தின் நோக்கம் இன்னும் பெரிது. அவர் ஒருபோதும் சந்திக்கப்போகாத மனிதர்கள், அவர் வரைந்த கூரையின்கீழ் அச்சமின்றி உறங்க வேண்டும். அந்த உறுதியை ஒரு தேர்வு தந்துவிட முடியுமா?

தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய குடும்பங்கள் பல உண்டு. அந்நாட்டில் கட்டடக் கலைஞராகப் பட்டம் மட்டும் போதாது. பதிவு செய்யப்பட்ட பணி அனுபவமும், பல பிரிவுகள் கொண்ட உரிமத் தேர்வில் வெற்றியும் வேண்டும். மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு ஆகியவற்றைக் காப்பதே அத்தேர்வின் குறிக்கோள். நம் நாட்டில் முறை வேறு. படிப்பில் சேர ‘நாட்டா’ போன்ற நுழைவுத் தேர்வுகள் உண்டு. ஆனால் ஐந்தாண்டுப் பட்டம் பெற்றவர், 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி, தனியொரு உரிமத் தேர்வின்றியே கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்துகொள்கிறார். பதிவு பெறாதவர் ‘கட்டடக் கலைஞர்’ என்னும் பெயரைச் சூடிக்கொள்வதையே இச்சட்டம் தடுக்கிறது. அத்தொழிலைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சட்டம் பெயரைக் காக்கிறது. செயலைக் காப்பவர் யார்?

இங்கே புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிக் காட்டும் ஒரு வேறுபாடு நமக்கு ஒளி தருகிறது. கைத்திறனைப் பொறுத்தவரை, அறியாமல் பிழை செய்பவரைவிட அறிந்தே பிழை செய்பவர் தேர்ந்த கலைஞர். நேராக வரையத் தெரிந்தவரே வேண்டுமென்று கோணலாகவும் வரைகிறார். ஆனால் முன்மதி என்னும் நற்பண்பில் இது தலைகீழாகிவிடுகிறது. அங்கே அறிந்து செய்யும் பிழையே கொடியது. தேர்வுகள் யாவும் முதல் வகைப் பிழையை, அறியாமையை மட்டுமே கண்டுபிடிக்க வல்லவை. எல்லாம் அறிந்தும் தவறான வரைபடத்தில் கையொப்பமிடுபவர், எந்தத் தேர்விலும் உயர்ந்த மதிப்பெண் பெறுவார்.

அப்படியானால் படிப்பு வீணா? இல்லை. அறியக் கடமைப்பட்டதை அறியாதிருப்பதும் பாவமாகலாம் என்று அதே அக்குவினாஸ் கற்பிக்கிறார். இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம், புது வீட்டின் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பக் கட்டளையிடுகிறது. எவரேனும் தவறி விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என எச்சரிக்கிறது. கைப்பிடிச் சுவரின் உயரமும் படிக்கட்டின் அகலமும் மனப்பாடத்துக்குரிய வெறும் எண்களல்ல. அவற்றைக் கருத்தூன்றிக் கற்பது, முகமறியாத அயலாருக்குச் செய்யும் அன்புத் தொண்டு.

ஆனால் கற்றதற்கு விலை கொடுக்கும் நாள் பின்னர்தான் வருகிறது. 2014 ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் பிழைப்புக்காக ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறிப்பிட்ட நம் ஆண்டவர், இறந்தோர் மற்றவரைவிடப் பாவிகள் அல்லர் என்றார்; உயிரோடிருப்போரையே மனம்மாற அழைத்தார். அவ்வழைப்பு நமக்கும் உரியது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. வரைபடத்தில் பிழையில்லாத வீடும், தண்ணீரின் வழியில் நின்றால், மணல்மீது கட்டிய வீடே.

இதில் கட்டடக் கலைஞரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. “பக்கத்து இடைவெளியில் இரண்டடி சேர்த்துப் போடுங்கள், யார் அளக்கப் போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் ஞாயிறுதோறும் திருப்பலியில் பங்கேற்கும் நாமும்தாம். மறுக்கும் இளைஞரை விட்டுவிட்டு, இணங்கும் ஒருவரைத் தேடிச் செல்கிறோம். அவருடைய மனச்சான்றுக்கு நாமே சோதனையாகிறோம். அவர் தவறினால் அப்பழியில் நமக்கும் பங்குண்டு.

கட்டடக் கலைஞரின் பாதுகாவலர் புனித தோமையார். ஓவியர்கள் அவர் கையில் மூலைமட்டத்தைத் தருவது மரபு. திருமுறையில் சேராத ஒரு பழைய நூல், கொண்டபோரஸ் மன்னன் மாளிகை கட்டத் தந்த பொருளை அவர் ஏழைகளுக்கு வழங்கிவிட்டதாகக் கூறுகிறது. வரலாறாகக் கொள்ளாவிடினும் அக்கதையின் உட்பொருள் தெளிவானது: இக்கலையின் பாதுகாவலர் மாளிகையைவிட மனிதரைப் பெரிதாக எண்ணியவர். பரங்கிமலையில் ஏறித் தேர்வு வெற்றிக்காக மன்றாடும் பிள்ளைகள், வெற்றிக்குப் பின் வரும் ஒரு நாளுக்காகவும் மன்றாடட்டும். கையொப்பமிட மறுத்தால் வேலை போய்விடும் என்ற நிலை அன்று வரலாம். அன்று துணிவோடு மறுக்கும் பிள்ளைக்கு, வீட்டில் சோறும் ஆறுதலும் தரும் பெற்றோராக நாம் இருப்போமாக.