கிடைக்காமை நோன்பாகுமா?

ஒரு பொருள் கையில் உள்ளவரை அதன்மீது நாம் கொண்ட பற்றின் அளவு நமக்குப் புலப்படுவதில்லை. அது கிடைக்காத நாளில்தான் அப்பற்று தன் உருவைக் காட்டுகிறது. இதனை உணர நாடிழந்த வேந்தர்தம் கதைகளைத் தேட வேண்டுவதில்லை. ரொட்டியில் தடவும் ஒரு டப்பா மாற்று வெண்ணெயே போதும்.

பால் கலவாத மாற்று வெண்ணெயைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் நம்மவர் குடும்பம் ஒன்று லண்டனிலோ நியூ ஜெர்சியிலோ வாழ்கிறது எனக் கொள்வோம். ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் அப்பொருள் வழக்கமாக இருக்கும் தட்டில் வேறொன்று வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வாரமும் அவ்வாறே. இனி அது வாராது எனக் கடைக்காரர் கூறிவிடுகிறார். அருகிலேயே பசுவெண்ணெய் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இத்தனை நாள் காத்த நோன்பு இனி என்னாவது? இதைச் சிறிய வினா என்று ஒதுக்கிவிடலாகாது. இல்லறத்தாரின் ஒழுக்கம் பெரும்பாலும் இத்தகைய சிறிய இடங்களிலேயே சோதிக்கப்படுகிறது.

வெண்ணெயைப் பற்றிய எண்ணம் நம் அறநூல்களுக்குப் புதியதன்று. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், சிறு பயனுக்காகப் பல உயிர்களுக்குக் கேடு விளைக்கும் பொருள்களை வரிசைப்படுத்துமிடத்தில் வெண்ணெயையும் சேர்த்து விலக்கச் சொல்கிறது. அமிர்தசந்திரர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் கள், தேன், ஊன் ஆகிய மூன்றோடு வெண்ணெயையும் வைத்து எண்ணுகிறார். கடைந்தெடுத்த வெண்ணெயில் நுண்ணுயிர்கள் தோன்றிப் பெருகும் என்பதே முன்னோர் கருதிய காரணம். இக்காலத்தில் வேறொரு காரணமும் சேர்ந்துள்ளது. தொழிற்சாலை போல நடத்தப்படும் பால் பண்ணைகளில் கன்று பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. ஆண் கன்றுக்கு அங்கே வேலை இல்லை. கறவை வற்றிய பசுவுக்கும் இடம் இல்லை. இரண்டும் இறுதியில் சென்று சேருமிடம் யாவரும் அறிந்ததே. ஆதலின் வட அமெரிக்காவில் வாழும் சமணரிடையே 1990களிலிருந்தே பாலுணவைத் துறப்பது குறித்த விவாதம் நடந்து வருகிறது. அவ்வாறு துறந்தோரின் வீடுகளில்தான் மாற்று வெண்ணெய்க்கு இன்றியமையாத இடம் ஏற்பட்டது.

மாற்று என்ற பெயர் பெற்ற யாவும் கொல்லாமையின் பாற்பட்டவை அல்ல என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். மார்கரின் எனப்படும் மாற்று வெண்ணெயை 1869ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் இப்போலித் மேழ் மூரியே என்பவர் உருவாக்கினார். கடற்படையினருக்கும் ஏழை மக்களுக்கும் மலிவான கொழுப்பு வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் விரும்பியதே அதன் தோற்றத்திற்குக் காரணம். அவர் பயன்படுத்திய மூலப்பொருளோ மாட்டுக் கொழுப்பு! உயிரிரக்கத்திற்கும் அக்கண்டுபிடிப்பிற்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதனைக் கெட்டியாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்ட பின்னரே, முழுதும் தாவரப் பொருளால் ஆன கொழுப்பு பெருமளவில் சந்தைக்கு வந்தது.

நம் நாட்டில் 1937இல் அறிமுகமான டால்டா அவ்வழி வந்ததே. அது நெய்க்கு மாற்றாக விற்கப்பட்டு, வனஸ்பதி அனைத்திற்குமே டால்டா என்ற பெயர் வழங்கும் அளவிற்கு நம் வீடுகளில் நிலைபெற்றது. 1983இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலக்கப்பட்ட செய்தி வெளியாகி நாடெங்கும் கொந்தளிப்பு உண்டானதை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். தாவரப் பொருள் என்று நம்பி வாங்கியவர் எத்தனை பேர்! உறையின் மீது எழுதிய சொல்லை நம்பி நோன்பு காப்பவரின் நிலை எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இனி, ஒரு மாற்றுப் பொருள் ஏன் மறைகிறது என்று பார்ப்போம். சில வேளைகளில் அதற்கு நற்காரணம் உண்டு. எண்ணெயை அரைகுறையாகக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்திற்குத் தீங்கு செய்வது என்று தெளிந்த பின், டென்மார்க் 2003இல் அதற்கு வரம்பு விதித்தது. அமெரிக்கா 2015இல் எடுத்த முடிவு 2018இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பது விதி. இதனால் பழைய கலவைகள் பல மறைந்தன. அம்மறைவு நன்மைக்கே.

வேறு சில வேளைகளில் எங்கோ நிகழும் துன்பம் நம் உணவு மேசையை வந்து தொடுகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டவுடன் சூரியகாந்தி எண்ணெய் வரத்துத் தடைப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைத்தது. பிரிட்டனில் கடைகள் ஒருவருக்கு இத்தனை புட்டி எண்ணெய்தான் என்று வரையறுத்தன. மாற்று வெண்ணெயின் பெரும்பகுதி இவ்வெண்ணெய்களே என்பதை அறிந்தால், ரொட்டித் துண்டுக்கும் போர்க்களத்திற்கும் உள்ள தொடர்பு விளங்கும். பாமாயிலுக்காகச் சுமத்திராவிலும் போர்னியோவிலும் காடுகள் அழிந்து, அங்கு வாழ்ந்த ஒராங்குட்டான் போன்ற உயிர்கள் இடமிழந்ததையும் சேர்த்து எண்ணினால், மாற்றுப் பொருளும் இம்சையினின்று முற்றும் நீங்கியதன்று என்பது தெளிவாகும்.

இவற்றினும் எளிய காரணம் ஒன்றுண்டு. வாங்குவோர் குறைவாக இருப்பின், கடைக்காரர் அவ்விடத்தை விரைவில் விற்கும் பொருளுக்குக் கொடுத்துவிடுவார். உண்பதற்காக வாங்குவோர் இல்லையாயின் ஊன் விற்போரும் இல்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைத்துள்ளார். அந்நியதி இருபுறமும் வெட்டும் வாள் போன்றது. தீயதை வாங்காதொழிந்தால் அது சந்தையை விட்டு நீங்கும். நல்லதை வாங்குவோர் அருகினாலும் அதுவும் அவ்வாறே நீங்கும். ஆகவே ஒரு மாற்றுப் பொருளின் மறைவு, அதனை நாடியவர் எத்துணைச் சிலர் என்பதையும் சொல்லாமல் சொல்கிறது.

இப்பொழுது தலைப்பில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். இரத்தினகரண்டகம் விரதத்திற்கு ஓர் அரிய இலக்கணம் கூறுகிறது. நுகர்தற்கு உரிய பொருளினின்றும்கூட, தெளிந்த கருத்துடன் உறுதி பூண்டு விலகுவதே விரதம் என்பது அதன் பொருள். இங்கே உயிர்நாடியான சொல் ‘கருத்துடன்’ என்பது. சிறையில் உள்ளவன் இனிப்பு உண்ணாமல் இருப்பது நோன்பன்று. பொருளில்லாதவன் பட்டுடுத்தாமை எளிமையன்று. அவ்வாறே கடையில் கிடைக்காததால் ஒன்றை உண்ணாமல் இருப்பதும் துறவாகாது. மாற்று வெண்ணெய் கிடைக்காமையால் நாம் எதையும் துறந்தவராகிவிடவில்லை.

இதன் மறுபக்கமே நம் கவலைக்கு உரியது. கிடைக்காமையால் நோன்பு உண்டாகாதெனின், கிடைத்தலால் மட்டும் நோன்பு நிலைபெறுமோ? மாற்றுப் பொருள் மலிவாகவும் சுவையாகவும் அருகிலேயே கிடைத்தவரை பசுவெண்ணெயைத் தொடாதிருந்தோம். அது நீங்கிய மறுவாரமே பசுவெண்ணெய்க்குத் திரும்புவோமாயின், இத்தனை நாளும் அந்நோன்பைக் காத்தவர் யார்? நாமா, கடைக்காரரா? இவ்வினாவை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் சிலர் ஒரு தடை எழுப்புவர். மாற்றுப் பொருளை நாடுவதே ஆசையின் மாறுவேடம் அன்றோ? வெண்ணெயை விட்டேன் என்று கூறிக்கொண்டு வெண்ணெயின் சுவையையும் நிறத்தையும் மணத்தையும் தேடி அலைவது எவ்வாறு துறவாகும்? என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இவர்கள் துறவறத்தார்க்கு உரிய அளவுகோலைக் கொண்டு இல்லறத்தாரை அளக்கின்றனர். முழுமையாக விடுவது மாவிரதம். இயன்ற அளவு விடுவது அணுவிரதம். உயிர்க்கொலையினின்று விலகுவதும், நாவின் ஆசையினின்று விலகுவதும் வெவ்வேறு படிகள். முதற்படியில் ஏறியவனை நோக்கி, இரண்டாம் படியில் ஏன் இன்னும் கால் வைக்கவில்லை என்று எள்ளுதல் அறமாகாது. அவன் சுவையை விடவில்லை என்பது மெய்யே. ஆனால் ஒரு கன்றின் துயரில் தனக்குள்ள பங்கை விட்டிருக்கிறானே! மாற்றுப் பொருள் கால் தளர்ந்தவனுக்கு ஊன்றுகோல். ஊன்றுகோலை இகழ வேண்டா. ஆனால் கோல் நழுவினால் வந்த வழியே திரும்பிவிடுவது என்றிருந்தால், நாம் செல்லுமிடத்தை உள்ளத்தில் கொள்ளவில்லை என்றே ஆகும்.

உற்பத்தியாளருக்குக் கடமை இல்லையோ எனில், உண்டு. ஒரு பொருளை நிறுத்துவது அவர் உரிமை. ஆனால் பெயரை மாற்றாமல் உள்ளிருப்பதை மாற்றும்போது, நம்பி வாங்குவோர்க்கு அதனைத் தெளிவாக அறிவிப்பது அவர் கடமை. 2022இல் அமெரிக்காவில் ஸ்மார்ட் பேலன்ஸ் என்னும் மாற்று வெண்ணெயில் தாவர எண்ணெயின் அளவு 64 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சுவையும் தன்மையும் மாறியதை உணர்ந்த மக்கள் பெருந்திரளாக முறையிட்டனர். பழைய முறைக்கே திரும்புவதாக அந்நிறுவனம் அறிவித்தது. வாங்குவோர் வாய்மையைக் கேட்டால் அதற்குப் பயன் உண்டு என்பதற்கு இது சான்று. எண்ணெய் குறைந்தால் நாக்கு கண்டுகொள்ளும். ஆனால் மோர்ப்பொடியோ, திரிந்த பாலின் தெளிநீர்ப் பொடியோ சிறிதளவு சேர்ந்தால் நாக்கு அறியாது. அங்கே விழிப்பு ஒன்றே காவல்.

ஆகவே இத்தகைய நேரத்தில் நாம் மேற்கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, மறையப்போகும் பொருளைப் பத்துப் பதினைந்தாக வாங்கிக் குவித்தல் கூடாது. கொல்லாமையைக் காப்பதற்காக மிகுபொருள் விரும்பாமையைக் கைவிடுவது ஒரு கண்ணைக் குத்தி மறு கண்ணைக் காப்பது போன்றதாகும். நாம் குவிக்கும் டப்பா, அதே நோன்பு பூண்ட மற்றொருவர்க்குக் கிடைக்காமற் போகும் டப்பா அன்றோ!

இரண்டாவது, புதிதாக ஒன்றை வாங்குமுன் உட்பொருள் பட்டியலை முழுமையாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் உள்ள பச்சைப் புள்ளி, ஊன் இல்லை என்பதற்கே அடையாளம். பால் இல்லை என்பதற்கு அன்று. பாலும் கலவாத உணவுக்கெனத் தனி அடையாளம் வகுத்த விதிகள் 2022இல் வந்துள்ளன. மேலை நாட்டுப் பட்டியல்களில் காணும் ஈ 471 என்னும் கூட்டுப்பொருள் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். சேர்க்கப்படும் வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு மயிரிலிருந்து எடுக்கும் மெழுகுப் பொருளால் ஆனது. ஐயம் எழுந்தால் உற்பத்தியாளரைக் கேட்டுத் தெளியலாம்.

மூன்றாவது, அப்பொருள் வேண்டும் என்று கடையாரிடம் இன்சொல்லால் கேட்க வேண்டும். தட்டை அடுக்கும் ஊழியர் மீது சினங்கொள்வதில் பொருளில்லை. ரொட்டிக்காகக் கொண்ட சினமும் கஷாயமே. அதுவும் வினையைக் கட்டும்.

நான்காவது, மாற்றுக்கு மாற்று தேடுமுன் அது வேண்டுமா என்றே ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். நம் முன்னோர் தோசைக்கும் இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெயைக் கொண்டே நிறைவு கண்டனர். தேங்காய்ப் பாலும் தேங்காய் எண்ணெயும் எத்தனையோ பண்டங்களுக்குப் போதுமானவை. வெறும் ரொட்டியைச் சட்டினியுடன் உண்பதால் எவர் மெலிந்தார்? நுகர்பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்வதும் இல்லறத்தார்க்கு விதித்த விரதங்களுள் ஒன்று. சில காலத்திற்கு என வரையறுத்து விடுவது நியமம்; வாழ்நாள் முழுதும் விடுவது யமம். கடை மூடிய கதவை, நாம் கருத்துடன் தாழிட்டுக்கொண்டால், ஒரு திங்கள் அளவேனும் அது நியமமாகிவிடும். கிடைக்காமை நோன்பாகாது என்று மேலே கூறினோம். ஆனால் கிடைக்காமை வந்துற்றபோது உள்ளம் இசைந்து அதனை ஏற்குமாயின், அக்கணத்திலிருந்து நோன்பு தொடங்குகிறது.

வாணிகம் தன் வழியே நடக்கும். இன்று ஒரு பொருளைக் கொண்டு வரும், நாளை எடுத்துச் செல்லும். அதனிடம் நம் ஒழுக்கத்தை அடைக்கலமாக வைத்தல் தகாது. மாற்றுப் பொருள் கிடைக்கும்போது நன்றியோடு பயன்படுத்துவோம். கிடைக்காதபோது உயிரிரக்கத்தைத் தளரவிடாமல் காப்போம். இளையோர் நம்மிடம் கற்பது கடையில் எதை வாங்கினோம் என்பதை மட்டுமன்று; விரும்பியது இல்லாத நாளில் எவ்வாறு நடந்துகொண்டோம் என்பதையுமாம். இதனை உணர்ந்து ஒழுகுவோமாக.