சொல்லும் உருவமும்: படம் வரையும் கணினிக்கு எழுதுவது பற்றி

படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக்கு எழுதித் தரும் விவரணையைப் பிராம்ப்ட் என்கிறார்கள். அதை நன்றாக எழுதுவது ஒரு கைத்திறனாகவே பேசப்படுகிறது. ஆனால் அதற்கு அடியில் பழைய தத்துவச் சிக்கல் ஒன்று கிடக்கிறது. சொல் பொதுவானது, படம் தனித்தது. 'புளியமரத்தடியில் ஒரு கிழவி' என்று எழுதிவிட்டால் சொல்லின் வேலை முடிந்துவிடும். படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கிழவி நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா, சேலை என்ன நிறம், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, மரம் பூத்திருக்கிறதா காய்த்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் அது முடிவு செய்தே ஆகவேண்டும்.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் முக்கோணத்தை வைத்து அலசப்பட்டது. சமபக்கம், செங்கோணம் என்று எந்த வகையிலும் சேராமல், எல்லா வகைக்கும் பொதுவான ஒரு முக்கோணத்தை மனம் கருதிக்கொள்ளும் என்று 1690 என்று ஆண்டிட்டு வெளிவந்த நூலில் ஜான் லாக் எழுதினார். ஜார்ஜ் பார்க்லி 1710இல் அதை மறுத்தார். மனத்தில் எழும் முக்கோணம் ஏதோ ஒரு குறிப்பிட்ட முக்கோணமாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் கட்சி. மனத்தைப் பொறுத்தவரை இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கணினித் திரையைப் பொறுத்தவரை பார்க்லி ஜெயித்துவிட்டார்.

அப்படியானால் சொல்லாமல் விட்டதை எது நிரப்புகிறது? 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மென்பொருள்கள் இரைச்சல் எனப்படும் தாறுமாறான புள்ளிகளில் தொடங்குகின்றன. அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே போகும்போது உருவம் திரள்கிறது. ஒவ்வொரு படியிலும் பிராம்ப்டின் சொற்கள் அதை ஒரு திசைக்கு இழுக்கின்றன. சொற்கள் இழுக்காத இடத்தில், பயிற்சியின்போது கணினி பார்த்த படங்களின் வழக்கமே முந்திக்கொள்கிறது. அந்தப் பயிற்சிக்குப் படங்களைத் தந்த லயான்-5பி என்ற தொகுப்பில் சுமார் 585 கோடி படங்கள் தத்தம் குறிப்புகளோடு பட்டியலிடப்பட்டிருந்தன. விளம்பரங்களில் கைக்கடிகாரம் பெரும்பாலும் பத்து மணி பத்து நிமிடத்தைத்தான் காட்டும். அதனால் நாலரை மணி காட்டும் கடிகாரம் கேட்டாலும் முட்கள் 10:10க்கே போய் நிற்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். தொடக்க இரைச்சலைக் குறிக்கும் எண்ணை மாற்றினால் அதே பிராம்ப்டுக்கு வேறு படம் வரும். ஒரே சொல்லுக்கு எண்ணற்ற உருவங்கள் உண்டு என்பது இங்கே வாதமாக இல்லாமல் கண்முன் காட்சியாகவே நடக்கிறது.

சொல்லிலிருந்து உருவம் எடுக்கும் தொழில் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. ஒவ்வொரு தெய்வத்துக்கும் தியான சுலோகம் உண்டு. முகம் எத்தனை, கை எத்தனை, எந்தக் கையில் எந்த ஆயுதம், மேனியின் நிறம், ஆசனம், வாகனம் ஆகியவற்றை அது சொல்லும். இன்றைய பிராம்ப்டுக்கு இதைவிட நெருங்கிய முன்னோடியைத் தேடுவது கடினம். ஆனாலும் சுலோகம் சொல்லாமல் விடுவது ஏராளம். அதைச் சுவாமிமலை ஸ்தபதி தாளமானம் என்ற அளவு முறையைக் கொண்டு நிரப்புகிறார். உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் அந்தப் படிமத்துக்கே உரிய பகுப்பு. தென்னங்கீற்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துக் குறியிட்டால் அதுவே அளவுகோல். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவத்தைச் செய்யும்போது அந்த ஓலை பக்கத்திலேயே கிடக்கும். கணினி வழக்கத்தால் நிரப்புகிற இடத்தை ஸ்தபதி விதியால் நிரப்புகிறார். விதி எந்த ஊர்ச் சிலையைப் பார்த்தும் சராசரி எடுப்பதில்லை. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். இந்தச் சிக்கலின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

நடராஜ வடிவத்தில் இதைச் சோதிக்கலாம். வலக்கால் முயலகன் மேல் ஊன்றியிருக்கும், இடக்கால் தூக்கியிருக்கும். மதுரை வெள்ளியம்பலத்திலோ கால் மாறியிருக்கிறது. ஒரே காலில் நின்று ஆடினால் இறைவனுக்கு வலிக்காதா என்று ராஜசேகர பாண்டியன் மன்றாட, சிவன் காலை மாற்றிக்கொண்டதாகத் திருவிளையாடற் புராணம் சொல்லும். வேண்டுகோள் ஒன்று உருவத்தைத் திருத்திய கதை இது. கணினியிடம் இந்த வேண்டுகோள் அவ்வளவு எளிதில் செல்லாது. நடராஜர் என்ற பெயரே இடக்கால் தூக்கிய ஆயிரக்கணக்கான படங்களை இழுத்துவந்துவிடும். 'வலக்கால் தூக்கி' என்ற இரண்டு சொற்கள் அந்த வெள்ளத்தை எதிர்த்து நிற்க வேண்டும். ஆகவே வழக்கத்துக்கு மாறானதைக் கேட்கும்போது பெயரைப் பின்னுக்குத் தள்ளி, உடலின் நிலையை முதலில் எழுதுவது பயன் தரும். வழக்கமானதைக் கேட்க ஒரு பெயரே போதும்.

'அழகான', 'தெய்விகமான', 'பக்தி ததும்பும்' போன்ற அடைகளின் நிலை வேறு. இவை பார்ப்பவரின் உணர்வைச் சொல்கின்றன, பொருளின் உருவத்தைச் சொல்வதில்லை. சாந்தமான முகம் என்றால் ஸ்தபதிக்குத் தாழ்ந்த இமையும் மெல்ல மேலேறிய இதழோரமும் கைவழியே தெரியும். கணினிக்கு அது மழமழப்பான தோலும் தலைக்குப் பின்னால் பொன்னொளியும் என்று ஆகிவிடுகிறது. உணர்வைப் படத்தில் வரவழைக்க வேண்டுமானால் எண்ணெய் விளக்கின் வெளிச்சம், கருங்கல்லின் ஈரம், பக்கவாட்டுப் பார்வை என்று உணர்வுக்குக் காரணமாகும் பொருள்களை எழுத வேண்டியிருக்கிறது. அடைகளை அடுக்குவதற்கு இடமும் இல்லை: ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் 77 சொல்துண்டுகளுக்கு மேல் வாசிக்கவில்லை.

இல்லாமையைச் சொல்வது இன்னும் சிக்கல். 'யானை இல்லாத கோயில் வாசல்' என்று கேட்டால் பல சமயம் யானை வந்து நிற்கும்; யானை என்ற சொல் வேலை செய்துவிடுகிறது, 'இல்லாத' செய்வதில்லை. இல்லாமையை எப்படி அறிகிறோம் என்று இந்தியத் தருக்க மரபில் நீண்ட விவாதம் உண்டு. குமாரிலர் வழி மீமாம்சகர் அதற்கு அனுபலப்தி (தென்படாமை) என்று தனிப் பிரமாணமே, அதாவது அறியும் வழியே, வைத்தார்கள். நியாய மரபினரான நையாயிகர் காட்சியாலேயே அறியலாம் என்றார்கள். படத்தில் இல்லாமையை வரைய முடியாது என்பதால் மென்பொருளிலும் அதற்குத் தனி வழி தேவைப்பட்டது. வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி ஒன்று பல மென்பொருள்களில் உண்டு. அதில் எழுதியதை விட்டு விலகும் திசையில் ஒவ்வொரு படியும் திருப்பப்படுகிறது. காஞ்சிக்கு அருகே பிறந்தவராகப் பௌத்த மரபு சொல்லும் திக்நாகர், பசு என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்கியே பொருள் தருகிறது என்றார். அவர் சொன்ன விலக்கலும் இந்தப் பெட்டியின் விலக்கலும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. திக்நாகர் எல்லாச் சொல்லுக்கும் சொன்னது இங்கே ஒரு பெட்டிக்கு மட்டும் பொருந்துகிறது.

வந்த படம் யாருடையது என்ற கேள்விக்கு அமெரிக்கா சட்ட வழியில் ஒரு விடை சொல்லியிருக்கிறது. 2022இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் பரிசு பெற்ற, மிட்ஜர்னி என்ற மென்பொருளில் உருவான படம் ஒன்றுக்குக் குறைந்தது 624 முறை பிராம்ப்டை மாற்றி எழுதியதாக அதை உருவாக்கியவர் சொன்னார். பதிப்புரிமை அலுவலகம் 2023 செப்டம்பரில் பதிவை மறுத்தது. பிராம்ப்ட் மட்டுமே படத்தின் வெளிப்பாட்டைப் போதிய அளவு கட்டுப்படுத்துவதில்லை என்று 2025 ஜனவரி அறிக்கையிலும் அது கூறியது. சொல்லுக்கும் உருவத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தைச் சட்டமும் அளந்து பார்த்திருக்கிறது எனலாம்.

சமய நோக்கில் கேள்வி வேறு மாதிரி எழுகிறது. தியான சுலோகம் ஸ்தபதிக்கு மட்டும் உரியதன்று. அர்ச்சகரும் பூஜையின் தொடக்கத்தில் அதைச் சொல்லி அந்த உருவத்தை மனத்தில் நிறுத்துகிறார். செய்பவர் மனமும் வழிபடுபவர் மனமும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. பிராம்ப்டோ படம் வந்ததும் தீர்ந்துபோகிறது. படத்தைக் கும்பிடுபவருக்கு அது தெரிவதும் இல்லை. இதை வைத்துக் கணினிப் படத்தை வழிபாட்டுக்கு ஆகாதது என்று தள்ளிவிடுவது அவசரம். கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜு வரைந்து, சிவகாசியில் அச்சான முருகன் படங்கள் கண்திறப்போ பிரதிஷ்டையோ இல்லாமலேயே வீடுவீடாகப் பூஜையில் அமர்ந்தன. அங்கே புனிதத்தைத் தந்தது வீட்டார் ஏற்றிய விளக்குதான். ஆனால் அவற்றில் வேலும் மயிலும் சரியாக இருந்தன, வரைந்தவருக்கு அவை தெரியும். அங்கம் பின்னமான படிமம் வழிபாட்டுக்கு ஆகாது என்பது சிற்ப நூல்களின் விதி. ஆறு முகமும் பன்னிரு கையும் கேட்டால் எண்ணிக்கையில் தவறுவது கணினிக்குச் சாதாரணம். ஒரு கையில் ஆறு விரல் முளைக்கலாம், ஆயுதம் எந்தக் கையிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கலாம். அதனால் இப்படிப்பட்ட படங்களை ஒரே பிராம்ப்டில் முடிக்க நினைக்காமல், முதலில் மேனியையும் பிறகு ஒவ்வொரு கையையும் தனித்தனியாகக் கேட்டு, தவறிய பகுதியை மட்டும் அழித்து மீண்டும் வரையச் செய்வதே நடைமுறையில் பலன் தருகிறது. எந்தக் கையில் எது இருக்க வேண்டும் என்று சரிபார்க்க, தியான சுலோகத்தைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.