மூட்டை கட்டும் மே மாதம்

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிகிறது; ஜூனில் பள்ளி திறக்கிறது. பணியிட மாறுதல் வந்த இளம் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் ஊர் மாறுகின்றன. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற்றப் பலரும் தயங்குவதால் அவசரம் இன்னும் கூடுகிறது. மாற்றுச் சான்றிதழ், வீட்டு முன்பணம், எரிவாயு இணைப்பு, சாமான் ஏற்றும் வண்டி என்று வேலைகள் குவிகின்றன; வைகாசி முகூர்த்தங்களும் ஊர்க் கொடையும் தாத்தா வீட்டு விடுமுறையும் நடுவே வந்து நிற்கின்றன. எதைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடும்போது முதலில் அடிபடுவது பிள்ளைகள் விடைபெறும் நேரம்தான்.

கைப்பேசி இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாமே என்பார்கள். பெரியவர்களுக்கு அது சரி. இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கைப்பேசியும் இல்லை, தோழியின் எண்ணும் இல்லை. அதன் நட்பு முழுவதும் அந்தத் தெருவிலும் வகுப்பறையிலும்தான் இருந்தது. சிறுபிள்ளை சீக்கிரம் மறந்துவிடும் என்றும் சொல்வார்கள். மறக்கட்டும். ஆனால் மறப்பதற்கு முந்தைய நாட்களில், சொல்லாமல் விட்டு வந்த ஊரைத் தேடி அது அழும்போது, புது ஊரில் அதற்குத் தெரிந்த முகம் பெற்றோர் மட்டுமே. அவர்களோ அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நிற்பார்கள். பாத்திரம் கட்டும் வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் எதுவும் கெட்டுவிடாது. புது வீட்டில் பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கும் பெற்றோரே, பிள்ளை பழைய தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வர ஒரு மாலையை இப்போதே ஒதுக்கிவையுங்கள்.