கைவிடப்பட்டது என்று யார் சொல்வது?

பழைய கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ‘வாங்கினேன்’ என்று சொல்வதில்லை. ‘காப்பாத்திட்டேன்’ என்கிறார்கள். கொட்டகையில் இருபது வருஷமாகக் கிடந்த பியட்டாக இருக்கலாம், வேப்பமரத்தடியில் டயர் மண்ணுக்குள் இறங்கிப்போன அம்பாசடராக இருக்கலாம். பேரம் பேசி, பணம் கொடுத்து, ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டு, வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த சாதாரண வியாபாரம்தான். சொல்லும்போது அது மீட்புப்பணி ஆகிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்வது ஒரே ஒரு சொல்: ‘கைவிடப்பட்ட’. கைவிடப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டால் அதை யாரும் ஆசை என்று சொல்ல மாட்டார்கள், கருணை என்பார்கள்.

இந்தச் சொல்லை விற்பவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ‘சும்மா நிக்குது’ என்பார். வாங்க வந்தவர்தான் ‘இப்படிக் கைவிட்டுட்டாங்களே’ என்பார்.

என் நண்பன் ஒருவன் மூன்று வருஷம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தேடி அலைந்தான். இங்கிலாந்தில் டிரயம்ஃப் கம்பெனி 1959இல் வெளியிட்ட கார் அது. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் சென்னையில் அதைத் தயாரித்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். இதையெல்லாம் அவன் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கே ஆசை வந்துவிட்டது.

கடைசியில் சிவகங்கை பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. போனோம். தகரக் கொட்டகையில் நின்றது. நாலு டயரும் இறங்கியிருந்தன, சைலன்சர் துருவேறி உதிர்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கார் அவர் கணவருடையது.

“சும்மாதானேம்மா நிக்குது. எங்களுக்குக் குடுத்தீங்கன்னா ஓட வெச்சுடுவோம்” என்றான் நண்பன்.

“ஓட வெச்சு?”

அவனிடம் பதில் இல்லை. அந்த அம்மா பின்கதவைத் திறந்து காட்டினார். சீட்டில் நியூஸ்பேப்பர் விரித்து, கொட்டை எடுத்த புளி பரப்பியிருந்தது. “கண்ணாடிய ஏத்திப்புட்டா எலி வராது தம்பி. வீட்டுக்குள்ள வெச்சா வந்துருது.” பானெட்டில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன, போன ஆயுத பூஜைக்கு வைத்தது. பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: “ஏன் தம்பி, அது நின்னா உங்களுக்கு என்ன செய்யுது?”

திரும்பி வரும் வழியெல்லாம் நண்பன் புளியைப் பற்றியே புலம்பினான். எனக்கு அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கார் ஓடவில்லை, உண்மை. ஆனால் அதற்கு ஒரு வேலை இருந்தது, வருஷத்துக்கு ஒரு நாள் பொட்டு வைக்க ஒரு ஆள் இருந்தது. ‘கார் என்றால் ஓட வேண்டும்’ என்ற ஒரே பயனை மனதில் வைத்துக்கொண்டு போன எங்கள் கண்ணுக்குத்தான் அது கைவிடப்பட்டதாகத் தெரிந்தது.

இந்தப் பார்வைக்குத் தத்துவத்தில் பழைய வேர் ஒன்று உண்டு. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், 1689இல் வெளிவந்த தன் அரசியல் நூலில், சொத்துரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார். உழைப்பிலிருந்து என்பது அவர் பதில். பொதுவாகக் கிடக்கும் நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது. யாரும் உழாமல் இயற்கையிடமே விட்டுவைத்த நிலம் வீண். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் பூர்வகுடிகள் வேட்டையாடித் திரிந்த நிலத்தைக் குடியேறிகள் ‘வெறுமையானது’ என்று எடுத்துக்கொள்ள இதே வாதம்தான் துணை நின்றது. நம்மூரில் ‘தரிசு’ என்ற சொல்லையும் இப்படி யோசித்துப் பாருங்கள். பயிர் ஏறாத நிலம், கணக்கில் தரிசு. அதில் ஆடு மேய்க்கிறவருக்கும் சுள்ளி பொறுக்குகிறவருக்கும் அது தரிசா?

அந்தக் கொட்டகையில் நாங்கள் லாக்கின் வாதத்தைத்தான் வேறு வார்த்தையில் பேசிக்கொண்டிருந்தோம். உங்களைவிட நாங்கள் நன்றாகப் பயன்படுத்துவோம், அதனால் எங்களிடம் கொடுங்கள் என்று.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, வலுவானதுதான். துரு தத்துவம் பேசாது. ஹெரால்டில் பாடி தனி, அடியில் சேசிஸ் தனி. இன்னும் பத்து மழைக்காலம் போனால் சேசிஸ் இற்றுவிடும். பெட்ரோல் பிசினாகிக் கார்பரேட்டரை அடைக்கும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், பிரேக் இறுகும். அதற்குப் பிறகு அது போகிற இடம் காயலான் கடைதான். எல்லாக் கொட்டகையிலும் புளி இருப்பதில்லை. அண்ணன் தம்பி வழக்கில் மாட்டிக்கொண்ட வண்டிகள் உண்டு, விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்தவையும் உண்டு. அங்கே ‘காப்பாத்தறேன்’ என்ற சொல் பொய்யில்லை.

சரி, ஒப்புக்கொள்வோம். அப்படியானால் லாக் அதே அத்தியாயத்தில் போட்ட நிபந்தனையையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்டுப்போவதற்கு முன் எவ்வளவைப் பயன்படுத்த முடியுமோ அவ்வளவுதான் ஒருவன் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எடுத்து அழுகவிட்டால் அவன் அடுத்தவர் பங்கைத் திருடியவன். உரிமம் கொடுத்த அதே வாதம்தான் வரம்பையும் கட்டுகிறது.

இந்த வரம்பை யோசிக்கும்போது எனக்கு ரோஜே பயோன் ஞாபகம் வருவார். பிரான்சில் லாரி போக்குவரத்துத் தொழில் செய்தவர். 1950களில், காயலான் கடைக்குப் போகவிருந்த போருக்கு முந்தைய கார்களைத் தேடித்தேடி வாங்கினார். சீர்செய்து ஒரு மியூசியம் வைப்பது கனவு. 1970களில் தொழில் நொடித்தது. கொஞ்சம் கார்கள் விற்றுப்போயின. மிச்சம் அவருடைய பண்ணையில் தகரக் கூரைகளுக்கு அடியில் அப்படியே நின்றன. 2014இல் ஏலக்காரர்கள் போய்ப் பார்த்தபோது சில கார்கள் துருவில் பாதி கரைந்திருந்தன. 2015 பிப்ரவரியில் பாரீஸில் 59 கார்கள், பலவும் தூசி துடைக்காமலேயே, ஏலத்துக்கு வந்தன. நடிகர் ஆலன் டெலான் ஒருகாலத்தில் வைத்திருந்த ஃபெராரி மட்டும் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

பயோன் கார்களைக் காப்பாற்றினாரா, கைவிட்டாரா? அவர் வாங்காவிட்டால் பல கார்கள் அன்றே உருக்கப்பட்டிருக்கும். வாங்கியதால் நாற்பது வருஷம் மெல்ல அழிந்தன. இரண்டும் உண்மை. அவர் நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கூரையின் கீழ் நின்ற இரும்புக்கு அந்த நேசம் எதுவும் செய்யவில்லை என்பதிலும் இல்லை.

அவரைவிட மோசமான நிலை ஒன்று உண்டு: பாதியில் நின்ற வேலை. ஹெரால்டின் பாடி ஒரே கூடு கிடையாது, பல துண்டுகளை போல்ட் போட்டு இணைத்தது. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் எந்த இடத்தில் எத்தனை வாஷர் கொடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கதவு ஒழுங்காகச் சாத்தும். இது எந்த மேனுவலிலும் உங்கள் வண்டிக்கென்று எழுதியிருக்காது. வண்டியே அதன் மேனுவல். ஆர்வத்தில் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டு, போல்ட்டையெல்லாம் ஒரு பெயின்ட் டப்பாவில் கொட்டி, ஆறு மாதத்தில் ஆன்சைட் போய்விட்டால், அந்த அறிவு போனது போனதுதான். நின்ற கார் துருப்பிடித்தாலும் முழுசாக இருக்கிறது. பிரித்த கார் நான்கு சாக்கு இரும்பு. என் துறையிலும் இதே கதைதான். பழைய கோடை ‘அசிங்கமா இருக்கு, மொத்தமா மாத்தி எழுதலாம்’ என்று தொடங்கிவிட்டுப் பாதியில் வேறு கம்பெனிக்குப் போனவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒழுக்கம் சார்ந்த ஒரு கடன் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதை வெறும் பொழுதுபோக்குச் சோம்பேறித்தனமாகத் தள்ளிவிட முடியாது. காரணம், விலை. ‘நல்லா பாத்துக்குவீங்கன்னுதான் இந்த விலைக்குத் தர்றேன்’ என்று சொல்லித்தான் பல முதியவர்கள் விற்கிறார்கள். அடுத்த ஆள் இன்னும் பத்தாயிரம் கூடத் தருவான், ஆனால் பார்ட் பார்ட்டாக விற்றுவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பத்தாயிரம், நாம் கொடுத்த வாக்குக்கு அவர்கள் கொடுத்த விலை. வேலையைத் தொடங்காமலே விட்டால் ஒரு முதியவரிடம் பொய் சொல்லித் தள்ளுபடி வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது விதி. ஆனால் எடுத்த வேலையை முடித்தாயா என்று எந்த ஆர்.டி.ஓ.வும் கேட்கப்போவதில்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, ஆசைப்பட்டு வாங்கினால் ஆசைப்பட்டு வாங்கினேன் என்றே சொல்லலாம். ஆசை குற்றமில்லை. ஆசைக்காரன் கொடுக்க வேண்டியது நியாயமான விலை, அதோடு கணக்கு முடிந்தது. காப்பாற்றுகிறேன் என்று சொல்லி வாங்கினால் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. முதல் வேலை பிரிப்பதாக இருக்கக் கூடாது. மழை படாத இடம் பார்த்து, நாலு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, போட்டோ எடுத்துக் குறித்துவைத்தால் போதும். இரண்டு வருஷத்தில் அடுத்த அடி எடுக்க முடியவில்லையென்றால், வாங்கிய விலைக்கே, எல்லா போல்ட்டோடும், முடிக்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

இல்லையென்றால் இன்னும் இருபது வருஷத்தில் யாரோ ஒரு பையன் நம் கேட்டைத் தட்டி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, இப்படிக் கைவிட்டுட்டீங்களே சார் என்பான். அவனிடம் காட்ட நம்மிடம் புளிகூட இருக்காது.