வைக்கோல் கன்று

பழைய யந்திரம் ஒன்றின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, மேல்கூட்டை மட்டும் துடைத்து வைத்துக்கொள்ளும் காரியத்துக்கு என்ன பெயர்? பழுதுபார்த்தல் என்று சொல்ல முடியாது. பழுதுபார்க்கிறவன், யந்திரம் தன் வேலையைத் தானே மறுபடி செய்யவேண்டும் என்று நினைப்பவன். அழித்தல் என்றும் சொல்ல முடியாது. அழிக்கிறவன் எதையும் இவ்வளவு பிரியத்தோடு துடைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, பெயரில்லாத ஒரு செய்கை இது. பெயரில்லாததாலேயே இதிலுள்ள கேள்வியும் எளிதில் தப்பிவிடுகிறது.

நான் சொல்வது வீடியோ கேம் பெட்டிகளைப்பற்றி. உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நின்டெண்டோ கம்பெனி 1983இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெயரில் ஒரு பெட்டியை வெளியிட்டது. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் மஸாயுகி உஎமுரா. 1985இல் அதே யந்திரம் வேறு தோலுடன் அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே 1983இல் வீடியோ கேம் வியாபாரம் சரிந்து விழுந்திருந்தது. கடைக்காரர்கள் அந்தப் பேச்சையே வெறுத்தார்கள். ஆகவே விளையாட்டுச் சாமானாகத் தோன்றாமல் வீடியோ டேப் ரிக்கார்டர்போலத் தோன்றும்படி, சாம்பல் நிறத்தில், முன்மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளும் விதமாகப் பெட்டியைச் செய்தார்கள். அதாவது, அசல் மேனி என்று இன்று போற்றப்படுகிற அந்தச் சாம்பல் கூடு பிறக்கும்போதே ஒரு வேஷம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேஷத்துக்கு விலையும் இருந்தது. தள்ளி அழுத்தும் அந்த அமைப்பில், கார்ட்ரிட்ஜைப் பற்றும் 72 உலோக முனைகள் நாளடைவில் தளர்ந்து, அழுக்கேறி, தொடர்பு விட்டுப்போகும். அனுமதி பெறாத கார்ட்ரிட்ஜுகளைத் தடுக்க உள்ளே ஒரு பூட்டுச் சிப்பும் இருந்தது. கார்ட்ரிட்ஜிலுள்ள ஜோடிச் சிப்போடு அதற்குப் பேச்சு அற்றுப்போனால், யந்திரத்தை அது திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வைக்கும். சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு தலைமுறைக் குழந்தைகள் கார்ட்ரிட்ஜின் வாயில் ஊதி ஊதிச் செருகிப் பார்த்தார்கள். பயன் தந்தது பெரும்பாலும் எடுத்துச் செருகியதுதான், ஊதியது அல்ல. மூச்சின் ஈரம் உலோகத்துக்குக் கெடுதல்.

இப்போது நடப்பது இது. அடியிலுள்ள ஆறு ஸ்குரூக்களைக் கழற்றுகிறார்கள். உள்ளே தகரக் கவசம், அதன் கீழே சர்க்யூட் போர்டு, கார்ட்ரிட்ஜ் அமரும் தட்டு, 72 முனைச் செருகி. எல்லாம் வெளியே வருகின்றன. அந்த இடத்தில், 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்ப்பெரி பை போன்ற, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர் ஒன்றைப் பொருத்துகிறார்கள். இடைஞ்சலாக நிற்கும் பிளாஸ்டிக் முளைகளை அறுத்துவிடுகிறார்கள். பழைய பவர் பொத்தானுக்கும் சிவப்பு விளக்குக்கும் கம்பி இழுத்துப் பற்றவைக்கிறார்கள். மஞ்சள் பூத்த கூட்டை ஹைட்ரஜன் பெராக்ஸைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். கடைசியில் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளின் பட்டியல் வருகிறது. கையில் தூக்கினால் மட்டும் பெட்டியின் கனம் குறைந்திருக்கிறது.

உள்ளே வந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்த விளையாட்டுகளின் பாஷை தெரியாது. எமுலேட்டர் என்ற புரோகிராம் அதைப் பழைய யந்திரமாக நடிக்க வைக்கிறது. பழைய பெட்டியின் பிராஸஸர் விநாடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளில் ஓடிய 8 பிட் சிப். வேலை செய்ய அதற்குக் கிடைத்த நினைவகம் 2 கிலோபைட். முதல் ராஸ்ப்பெரி பையிலேயே 256 மெகாபைட். 1 லட்சத்து 31 ஆயிரம் மடங்கு. யானை எறும்பாக நடிக்கிறது. பிறிதொன்றாக நடிப்பதற்கு, அதுவாக இருப்பதைவிட எத்தனையோ மடங்கு பலம் வேண்டியிருக்கிறது என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

இதை நியாயப்படுத்துகிறவர்கள் சொல்லக்கூடியது எளிமையானது. விளையாட்டுதான் சாரம், போர்டு வெறும் பாத்திரம். சாரம் எந்தப் பாத்திரத்திலும் இருக்கும். தோற்றத்தை வேண்டுமானால் ஞாபகத்துக்காகக் காப்பாற்றிக்கொள்ளலாம். தத்துவம் படித்தவர்கள் உடனே தீஸியஸின் கப்பலைக் கொண்டுவருவார்கள். ஏதென்ஸில் பாதுகாக்கப்பட்ட அந்தக் கப்பலில் உளுத்த பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. எல்லாம் மாறியபின் அது அதே கப்பலா என்று கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி இங்கே பொருந்தாது. அங்கே பலகைகள் மாறின. பலகைகளுக்கு இடையே இருந்த உறவு மாறவில்லை. எது எதைத் தாங்கியதோ அது அதையே தாங்கியது. இங்கே பலகைகளை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, அவற்றுக்கு நடுவே இருந்த கப்பலை எடுத்துவிடுகிறோம்.

உருவம், உள்ளடக்கம் என்று பிரித்துப் பேசிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இந்த இடத்தில் நம்மைத் தவறான பக்கம் தள்ளக்கூடும். சாம்பல் கூடு உருவம், விளையாட்டு உள்ளடக்கம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கூடு, முன்பே சொன்னதுபோல், வியாபாரத்துக்காகப் பூண்ட வேஷம். அந்த விளையாட்டுகளுக்கு உருவம் தந்தது வேறு ஒன்று: போர்டின் போதாமை. 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே சித்திரம். நிறம் மட்டும் வேறு. இடமில்லாததால் மேகம் புதராயிற்று. இதுதான் உருவம். வெண்பாவின் தளையை வைத்துக்கொண்டு உள்ளே மேடைப் பேச்சை அடைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் மிஞ்சியது உருவம் அல்ல, தோல். வார்த்தை தனக்கு நேர்ந்த நெருக்கடியில் வேறாக மாறுவதுதான் உருவம் என்றால், தோலைக் காப்பாற்றுவது உருவத்தைக் காப்பாற்றுவது ஆகாது.

இன்னொரு உதாரணம். அந்தப் பெட்டி, திரையின் ஒரு கிடைவரியில் எட்டு நகரும் சித்திரத் துண்டுகளுக்குமேல் காட்ட முடியாது. ஒன்பதாவது மறைந்துபோகும். அடியோடு மறையக்கூடாது என்று, புரோகிராம் எழுதியவர்கள் எந்த எட்டைக் காட்டுவது என்பதை மாற்றி மாற்றி வைத்தார்கள். அதனால் கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் மினுக்கும். சிலர் இந்தக் குறையையே உபயோகித்து, மறைக்க வேண்டியதை வேண்டுமென்றே மறைத்தார்கள். இன்றைய எமுலேட்டருக்கு இந்த வரம்பு கிடையாது. ஒரு சலுகையாக வரம்பை நீக்கிவைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. நீக்கினால் மினுக்கல் நின்றுவிடும். மறைக்கப்பட்டதும் வெளியே தெரிந்துவிடும். நீக்காமல், இருந்த குறையை இருந்தபடியே கணக்கிட்டு நடிக்கும் எமுலேட்டரை எழுதுகிறவர், தனக்கு இல்லாத ஊனத்தைச் சிரமப்பட்டுக் கற்றுக்கொள்கிறார். என் பார்வையில் பழைய யந்திரத்துக்குச் செய்யும் மரியாதை அங்கே இருக்கிறது, வெளுத்த பிளாஸ்டிக்கில் அல்ல. அந்த எமுலேட்டர் பெயரற்ற ஒரு தகர டப்பாவுக்குள் ஓடினாலும் மரியாதை குறையாது.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அந்தப் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி விற்றார்கள். வாத்தைக் குறிபார்த்து விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா என்பதே கேள்வி. சுடுவது திரைதான், துப்பாக்கி வாங்கிக்கொள்கிறது. படக்குழாய் டெலிவிஷன் சிக்னல் வந்த அதே க்ஷணத்தில் கோடு கோடாக வெளிச்சத்தை எழுதியதால் இது நடந்தது. தட்டைத் திரை படத்தை வாங்கி, சற்று யோசித்து, பிறகு காட்டுகிறது. துப்பாக்கி எதிர்பார்க்கும் க்ஷணம் தப்பிவிடுகிறது. ஆக, அந்த விளையாட்டின் உடம்பு பெட்டிக்குள் மட்டும் இருக்கவில்லை. எதிரே இருந்த படக்குழாயிலும், நடுவே இருந்த இருட்டிலும் இருந்தது. சாரத்தை முழுதாகப் பெயர்த்தெடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர் எங்கே கோடு கிழித்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் குடல் எடுத்த அந்தப் பெட்டி என்ன? கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று சொல்லத் தோன்றும். மூலன் கதை நமக்குத் தெரியும். மேய்ப்பன் செத்துக் கிடக்கிறான். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. பார்த்த சித்தர் மனமிரங்கி, தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு, மூலன் உடம்பில் புகுகிறார். பசுக்கள் சமாதானமாயின. ஆனால் மாலையில் மூலனின் மனைவி தேடி வந்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டார். கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது இந்த இடம்தான். பசுக்களுக்குத் தோற்றம் போதும், கொடுத்தார். மனைவிக்குத் தோற்றம் போதாது. அவளிடம் பொய் சொல்லவில்லை.

நம் பெட்டிக்கு இன்னும் நெருக்கமானது வைக்கோல் கன்று. கன்று செத்தால் அதன் தோலுக்குள் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன் நிறுத்துவார்கள். பசு நக்கும், பால் சுரக்கும். இதில் குரூரம் உண்டு, தேவையும் உண்டு. ஆனால் ஏமாற்றுகிறவன் ஒருவன், ஏமாறுவது இன்னொன்று. பெட்டியை மாற்றிக்கொள்கிறவன் விஷயத்தில் இரண்டும் ஒரே ஆள். வைக்கோலைத் தன் கையாலேயே அடைத்துவிட்டு, பிறகு தானே முன்னால் உட்கார்ந்து நக்குகிறான். சுரக்கவும் செய்கிறது. சிறு வயதின் ஒரு மத்தியானம் திரும்ப வருகிறது. இதைப் பொய் என்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. ஞாபகம் எந்தக் கன்றையும் தோலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது.

2016இல் அந்தக் கம்பெனியே இதைச் செய்தது. பழைய பெட்டியைக் கையகல பொம்மையாக்கி, உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டரும் எமுலேட்டரும் 30 விளையாட்டுகளும் வைத்து விற்றது. முன்மூடி இருப்பதுபோல் இருக்கும், திறக்காது. அந்தத் திறக்காத மூடியில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. நான் படம், கதவு அல்ல என்று அது சொல்லிவிடுகிறது. மேலும், அந்தப் பொம்மைக்காக ஒரு பழைய பெட்டியும் அறுபடவில்லை.

பிரச்னை அங்கேதான் இருக்கிறது. வைக்கோல் கன்றைப் பொறுத்துக்கொள்ள முடிவதற்குக் காரணம், கன்று முதலில் செத்திருந்தது. மூலனும் அப்படியே. ஆனால் உயிரோடிருக்கும் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. 72 முனைச் செருகியை மாற்றினாலே எழுந்துவிடக்கூடிய பெட்டி, பூட்டுச் சிப்பின் ஒரு காலை வெட்டினாலே கண்சிமிட்டலை நிறுத்திவிடக்கூடிய பெட்டி, செத்ததாகத் தீர்மானிக்கப்பட்டுக் குடல் எடுக்கப்படுகிறது. சாவை உறுதிசெய்யும் பொறுப்பு, தோல் வேண்டுமென்று காத்திருப்பவனிடமே இருக்கிறது.

உலகமெங்கும் விற்றவை 6 கோடியே 19 லட்சம். ஒன்று போனால் என்ன என்று கேட்கலாம். ஜப்பானில் கடைசியாக உற்பத்தி நின்றது 2003இல். அதன்பின் அந்த எண்ணுக்குக் குறைய மட்டுமே தெரியும். எவ்வளவு மெதுவாக என்பது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. எண்ணிக்கையைவிட முக்கியமானது வேறொன்று. எமுலேட்டர் சரியாக நடிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அசல் யந்திரம் ஒன்று எங்காவது உயிரோடு இருக்க வேண்டும். அசல்கள் எல்லாம் போனபின், நடிப்பைத் திருத்த ஆளில்லை. நடிப்பே அசலாகிவிடும், மினுக்கல் ஏன் இருந்தது என்று கேட்கவும் யாருக்கும் தோன்றாது.

ஆகவே ஒரு விதி வேண்டுமென்றால் இவ்வளவுதான் சொல்ல முடியும். செத்ததா என்று நிஜமாகப் பார். பார்க்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடு. செத்திருந்தால் தோலை எடுத்துக்கொள். யாராவது கேட்டால் வைக்கோல் என்று சொல். எடுத்த போர்டைக் குப்பையில் எறியாதே. அதிலுள்ள சிப் ஒன்று இன்னொரு பெட்டிக்கு உயிராகலாம்.

பெட்டியைத் தூக்கும்போது கனம் குறைந்திருப்பதைக் கை கவனிக்கிறது. சிலர் அதற்காக உள்ளே ஏதாவது பாரம் வைக்கலாம். வைக்காமல் விடுவது நல்லது என்று நினைக்கிறேன். அந்தக் குறைந்த கனம் ஒன்றுதான் அந்தப் பெட்டியில் இன்னும் உண்மை பேசுகிறது.