மூலிகைச் சோதனையும் ஓரறிவுயிரும்

தென்னேரியில் உள்ள எம் இல்லத்திற்கு விடுமுறையில் வந்திருந்த பேர்த்தி நுண்ணுயிரியல் பயில்பவள். கொல்லை வேம்பின் இலைகளைக் கொய்துகொண்டே வினவினாள்: "பாட்டி, இச்சாற்றினால் கிருமிகள் மடிகின்றனவா என்று கல்லூரியில் பார்க்கப் போகிறேன். அது கொலையாகாதா?" ஆசிரியப் பயிற்சி பெற்று வாழ்நாளெல்லாம் பிறரை வினவிய யாம், அன்று விடையின்றி நின்றோம்.

சோதனை எளியது. உலர்ந்த இலைப்பொடியைச் சாராயத்தில் ஊறவைத்து வடிப்பர். தட்டில் உறையவைத்த உணவுக் கூழின்மேல் கிருமியைப் பரப்பி, சாறு தோய்ந்த 6 மி.மீ. தாள்வில்லையை வைப்பர். மறுநாள் வில்லையைச் சூழ்ந்து கிருமி வளராத வட்டத்தை அளப்பர். 1966இல் பாயர், கிர்பி முதலியோர் நெறிப்படுத்திய முறை இது. தெளிந்த வட்டம் காட்டுவது வளர்ச்சித் தடையையே. கிருமி மாண்டதா என்பதற்கு வேறு சோதனை வேண்டும். எனினும் இவ்வேறுபாட்டில் நாம் ஒளிந்துகொள்ளலாகாது.

இல்லறத்தார் முற்றத் துறக்க வேண்டியது சங்கல்ப இம்சை. ஓரறிவுயிர்க்கு நேரும் ஊறு தேவையளவில் நிற்றல் வேண்டும். அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்தின் பெயரையே சூட்டிய மரபு நம்முடையது. அவற்றுள் முன்னது ஐந்து வேர்களின் பெயர். வேரைப் பறித்தால் செடி நில்லாது என்பதை அறிந்தே சூட்டினர். அவுடததானம் செய்வோர் சோதியாத மருந்தை நோயாளிக்கு ஈதல் ஐயறிவுயிர்க்கு இழைக்கும் கேடன்றோ? (கூட்டுப்புழுவை வெந்நீரிலிட்டு எடுத்த பட்டை உடுத்தி மணவிழாவுக்குச் செல்லும் நாம், கிருமிக்காக மட்டும் கண்ணீர் உகுப்பதும் பொருந்தாது.)

எம்மை உறுத்தியது வேறொன்று. அவ்வுணவுக் கூழ் 1941இல் முல்லரும் ஹிண்டனும் வகுத்தது. அதில் மாட்டிறைச்சிச் சாறு உண்டு. வேப்பிலையின் நலத்தை அறிய மாட்டைக் கொன்ற சாறா? இதற்கு மாற்றுண்டு. முன்னர்க் கூழை உறையவைக்க விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டினையே பயன்படுத்தினர். அது வெப்பத்தில் உருகியது. 1881இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்னும் மாதரசி, தம் சமையலில் வழங்கிய அகாரைப் பரிந்துரைத்தார். நாம் சைனா கிராஸ் என்பதே அது. அவர் கருதியது அகிம்சையை அன்று. ஆயினும் விலங்குப்பொருள் ஒன்று விலகியது. இன்று மும்பை ஹைமீடியா நிறுவனம் தாவரப் புரதத்தாலேயே 'ஹைவெஜ்' கூழ்களைச் செய்கின்றது. வரையறுத்த கூழில் செய்தால்தான் பிறர் அளவுகளோடு ஒப்பிடலாம் என்பர், அதனையும் தள்ளுதற்கில்லை. இரண்டிலும் செய்து ஒப்பிட்டுக் காட்டுவோர் வேண்டும்.

மற்றொன்றையும் அவளிடம் கூறினோம். வேம்பையும் துளசியையும் அதே இரண்டு கிருமிகளின்மேல் எத்தனையோ மாணவர் சோதித்துவிட்டனர். அறிந்ததையே மதிப்பெண்ணுக்காக மீண்டும் செய்தால், அது குணவிரதங்களுள் ஒன்று விலக்கும் அனர்த்ததண்டம், பயனில் தீங்கு. புதியதொரு வினா உளதாயின் செய்க.

முகம் வாடினாள், பின் கூடையைக் கீழே வைத்தாள். எவ்வினா எஞ்சியுள்ளது, தாவரக் கூழில் செய்யலாமா என்று தன் ஆசிரியர்க்கு எழுதியிருக்கிறாள். விடை இன்னும் வரவில்லை. கொய்த இலைகள் எம் திண்ணை முறத்தில் நிழலில் உலர்கின்றன.