உயரம் ஒரு தடையா?

2017 அக்டோபரில் பெங்களூருவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டியின் ‘பி’ பிரிவில் வென்று, இந்தியச் சிறுமியர் ‘ஏ’ பிரிவுக்கு ஏறினார்கள். பொட்டிபுரம் போன்ற நம் சிற்றூர்ப் பெண்பிள்ளைகளுக்கு இது எட்டாதா? நம் பிள்ளைகள் குள்ளம் என்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் தங்களைவிட நெடிய அணிகளை வேகத்தாலும், தொலைவிலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளாலும் சாய்த்து வெள்ளி வென்றார்களே! ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகும் வீட்டில் விளையாட்டுக்கு நேரமேது என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் பயிற்சி பள்ளி நேரத்துக்குள்ளேயே வேண்டும் என்கிறேன். நம் மாவட்டத்துப் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி பல்லாண்டுகளாக நடக்கிறது; இந்த ஆட்டம் நமக்குப் புதிதல்ல. சென்னையின் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவியானார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். பெற்றோரே, உங்கள் ஊர்ப் பள்ளியில் பெண்களுக்கென ஒரு கூடைப்பந்துத் திடலும் பயிற்சியாளரும் கேளுங்கள்.